சிந்தசைசரும் மின் கிடாரும் வைத்து ஒரு மணி நேர ஆம்பியன்ட் ஆல்பம்: பதிவிலிருந்து பணம் வரும்வரை

ஒரு சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கருவி, சுருக்கமாக சிந்த்), ஒரு மின் கிடார், நடுவில் எங்கும் நிற்காமல் அறுபது நிமிடம் மெல்ல மிதந்து ஓடும் ஆம்பியன்ட் இசை. வீட்டின் பின்னறையில் இதைப் பதிவு செய்து வெளியிட எனக்கு ஒன்றே முக்கால் வருடம் பிடித்தது. அதில் வாசித்தது ஐந்தே ஐந்து இரவுகள். மற்ற நாட்களெல்லாம் மின்தடை, நிராகரிக்கப்பட்ட ஃபைல்கள், புரியாத படிவங்கள் என்று போய்விட்டன.

பதிவு மென்பொருள், விற்பனைத் தளம், ராயல்டி கணக்கு எல்லாமே நாலு நிமிடப் பாட்டை மனதில் வைத்துச் செய்தவை. நம் இசை அறுபது நிமிடம் ஓடும்போது ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது ஒன்று இடிக்கும். எங்கே இடிக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் ஐந்தாறு மாதத்தில் முடிக்கலாம். கிடார் ஓரளவு வாசிக்கத் தெரியும், கம்ப்யூட்டரில் எதையும் பதிவு செய்ததில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. எதில் வெளியிடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வாசித்து முடித்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டால் பின்னால் வெட்ட வேண்டியிருக்கும். நான் முதலில் வாசித்தது 84 நிமிடம். சிடியில் 74 அல்லது 80 நிமிடம்தான் பிடிக்கும். கேசட்டில் சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45. வினைல் எல்பியில் (இசைத்தட்டில்) பக்கத்துக்கு 20 முதல் 22 நிமிடம் வைத்தால் ஒலி நன்றாக இருக்கும். அதற்கு மேல் திணித்தால் ஒலியளவைக் குறைத்துத்தான் தட்டை வெட்டுவார்கள். மெல்லிய இசையில் அப்போது தட்டின் கரகரப்பு முன்னால் வந்து நிற்கும்.

ஜெர்மன் கிடார் கலைஞர் மான்வேல் கோட்ஷிங் 1981 டிசம்பர் 12 அன்று மேற்கு பெர்லினில் தன் ஸ்டுடியோவில் ஒரே மூச்சில் வாசித்த ‘ஈ2-ஈ4’ ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1984-ல் எல்பியாக வந்தபோது அதையும் இரண்டு பக்கமாகப் பிரிக்க வேண்டியிருந்தது. வினைல் உங்கள் ஆசை என்றால், நடுவில் இயல்பாக இறங்கி ஏறும் ஓர் இடத்தை இசைக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

முதல் ஆல்பத்துக்கு என் யோசனை: இணையத்தில் மட்டும் வெளியிடுங்கள், ஆனால் நீளத்தை 58 நிமிடத்துக்குள் வையுங்கள். பிறகு சி-60 கேசட்டோ சிடியோ போட வழி இருக்கும்.

2. கருவிகளும் செலவும்

கிடார் ஏற்கெனவே இருந்தது. மற்றவற்றுக்கு நான் செலவழித்தது இது: இரண்டு உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (கருவிகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) 12,000 ரூபாய், பழைய அனலாக் சிந்த் 38,000, லூப்பர் பெடல் (வாசித்த துணுக்கைப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) 9,000, பழைய டிலே பெடல் (எதிரொலி தருவது) 7,000, பெடல்களுக்கான பவர் சப்ளை 4,000, ஹெட்ஃபோன் 6,000. மொத்தம் 76,000 ரூபாய்.

இதில் 38,000-ஐத் தவிர்த்திருக்கலாம். சர்ஜ் எக்ஸ்டி என்ற மென்பொருள் சிந்த் முற்றிலும் இலவசம். நீண்டு மிதக்கும் ஒலிகளுக்கு அதுவே போதும். கையில் திருகிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் நான் வாங்கினேன். அதில் வருத்தம் இல்லை, ஆனால் கட்டாயமும் இல்லை. பதிவு மென்பொருளுக்கு ரீப்பர் போதும். 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர்.

காசைப் போட வேண்டிய இடம் இன்டர்ஃபேஸ். அதில் கிடாருக்கென்று ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்று குறித்த உள்ளீடு இருக்க வேண்டும். சாதாரண லைன் உள்ளீட்டில் கிடாரை நேராகச் செருகினால் ஒலி மங்கி, போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு: கூரியர்காரர்கள் கேஒய்சி கேட்பார்கள். பான், ஆதார், வாங்கிய பில் மூன்றையும் பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள். சுங்க வரியும் ஐஜிஎஸ்டியும் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்தே கணக்கிடப்படும். ‘பரிசு’ என்று எழுதி அனுப்பினால் வரி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது.

பெடல் அடாப்டரில் கவனம். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். கீபோர்டு அடாப்டர்களில் பல இதற்கு நேர்மாறு. முள் பொருந்துகிறதே என்று செருகி ஒரு பெடலை இழந்தேன். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் சின்னத்தையும், எத்தனை மில்லிஆம்ப் என்பதையும் பார்த்துவிட்டுச் செருகுங்கள். டிஜிட்டல் டிலே, ரிவர்ப் பெடல்கள் 300 மில்லிஆம்ப் வரைகூடக் கேட்கும்.

3. மின்சாரமும் இரைச்சலும்

நாலு நிமிடப் பாட்டில் மறைந்துவிடும் ‘ம்ம்ம்’ என்ற முனகல், ஒரு மணி நேர மெல்லிசையில் மறையவே மறையாது. சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைக் காந்தச் சுருள்) கொண்ட கிடார் என்றால் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் உள்ளே வரும். மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், மலிவான எல்இடி பல்பு, லேப்டாப் சார்ஜர் மூன்றும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். பதிவின்போது ஃபேனை நிறுத்துங்கள். கிடாரைப் பிடித்தபடி உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஏதாவது ஒரு திசையில் முனகல் அடங்கும். அந்தத் திசையில் நாற்காலியைப் போடுங்கள்.

இரைச்சல் போகட்டும் என்று பிளக்கின் எர்த் முனையை உடைக்காதீர்கள். இணையத்தில் இன்னும் இந்த யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. கிடாரின் கம்பிகள் எர்த்தோடு இணைந்தவை. விரல்கள் எந்நேரமும் அவற்றின் மேல்தான் இருக்கின்றன. இது உயிர் விஷயம். எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்ச் போர்டிலிருந்து எடுத்து, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

யுபிஎஸ் கட்டாயம். என் இரண்டாவது டேக்கில் (முழுதாக ஒருமுறை வாசித்துப் பதிவது ஒரு டேக்) 41-வது நிமிடத்தில் மின்சாரம் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, ஆனால் சிந்தும் பெடல்களும் செத்துவிட்டன. பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். நான் கடைசியில் இரவு பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் வாசிப்பதென்று வைத்துக்கொண்டேன். தெரு அடங்கியிருக்கும், மின் அழுத்தமும் ஓரளவு சீராக இருக்கும்.

4. வாசிக்கும் முன் ஒரு தாளில் வரைபடம்

ஆம்பியன்ட் என்றால் தோன்றியதை வாசிப்பது என்று நினைத்து நான் வீணாக்கிய இரவுகளும் உண்டு. ஒரு தாளில் அறுபது கட்டம் போடுங்கள், கட்டத்துக்கு ஒரு நிமிடம். எந்த நிமிடத்தில் எது நுழைகிறது, எது வெளியேறுகிறது என்பதை மட்டும் எழுதுங்கள். ஸ்வரங்களை எழுத வேண்டாம்.

முதலில் அடித்தளம். கச்சேரிக்குத் தம்புரா எப்படியோ அப்படி, சிந்தில் ஒரு நீண்ட சுருதி. ஒரே குரலாகப் பிடித்தால் ஐந்தாவது நிமிடத்தில் காது அதைக் கேட்பதை நிறுத்திவிடும். சிந்தில் ஒலியை எழுப்பும் பகுதிகளான ஆசிலேட்டர்கள் இரண்டை மயிரிழை அளவு விலக்கிச் சுருதி சேர்த்தால் மெல்ல அலை எழும். ஃபில்டரை (ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) எல்எஃப்ஓ (மெதுவாக ஆடும் அலை) கொண்டு அசையுங்கள். வேகம் 0.05 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு இருபது விநாடி. சைக்கெடெலிக் என்று நாம் சொல்லும் மிதப்பு பெரும்பாலும் இந்த மெதுவான அசைவிலிருந்து வருகிறது. பெடல்களைக் குவித்தால் அது வராது.

அப்புறம் லூப்கள். இரண்டு லூப்பையும் ஒரே நீளத்தில் வைக்காதீர்கள். ஒன்று 17 விநாடி, மற்றொன்று 23 விநாடி என்றால் இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 391 விநாடி, அதாவது ஆறரை நிமிடம் ஆகும். மூன்றாவதாக 29 விநாடி லூப் ஒன்றைச் சேர்த்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒரு மணி நேரத்துக்குள் அதே சேர்க்கை திரும்ப வராது. இதைக் கண்டுபிடித்த அன்றுதான் என் ஆல்பத்துக்கு உயிர் வந்தது. இதற்கு, நீளத்தைத் தனித்தனியாக வைக்கவிடும் லூப்பர் வேண்டும். சில லூப்பர்கள் இரண்டாவது லூப்பை முதலாவதன் நீளத்துக்கே இழுத்துவிடும். வாங்கும்போது கேட்டுவிடுங்கள்.

கிடார் எப்போது நுழைவது? அவசரப்படாதீர்கள். ‘ஈ2-ஈ4’-ல் பாதி நேரம் போன பிறகே கிடார் வருகிறது. அந்தக் காத்திருப்பால்தான் அது வரும்போது மனம் விரிகிறது. நுழையும்போதும் தட்டி ஆரம்பிக்காமல், வால்யூம் திருகை மூடி வைத்துத் தந்தியை மீட்டி, பிறகு சுண்டுவிரலால் மெல்லத் திறந்தால் வயலின் வில் இழுப்பது போல ஒலி எழும். டிலேயும் நீண்ட ரிவர்பும் பின்னால் இருந்தால் சிந்த் எது, கிடார் எது என்று பிரித்தறிய முடியாது. இந்த வகை இசையில் நான் அதிகம் நேசிப்பது அந்தக் கணத்தைத்தான்.

5. பதிவு நாள்

மென்பொருளில் வைக்க வேண்டிய பதிவுத் தரம்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒரு மோனோ ட்ராக்குக்கு மணிக்குச் சுமார் 520 எம்பி. ஆறு ட்ராக் என்றால் ஒரு டேக்குக்கு 3 ஜிபி சொச்சம். பத்து டேக் எடுப்பீர்கள் என்று வைத்து 50 ஜிபி காலியாக வைத்திருங்கள்.

96 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் என்று போனால் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண வேவ் ஃபைல் 4 ஜிபி-க்கு மேல் தாங்காது. அந்த அமைப்பில் ஸ்டீரியோ ட்ராக் ஒன்று 93 நிமிடத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். ‘ஆர்எஃப்64’ அல்லது ‘டபிள்யூ64’ என்ற வடிவம் மென்பொருளில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

அனலாக் சிந்தை அரை மணி நேரம் முன்பே போட்டுச் சூடாக விடுங்கள், பிறகு சுருதி சேருங்கள். ஃபேன் இல்லாத அறையில் கிடாரும் இறங்கும். வாசிக்காத நிமிடங்களில் ட்யூனர் பெடலை அழுத்திச் சத்தமில்லாமல் சரிசெய்ய ஓர் இடத்தை வரைபடத்திலேயே குறித்து வையுங்கள். ஒலியின் உச்சம் -12 டெசிபலைத் தாண்டாமல் அளவு வையுங்கள். டிலேயின் ஃபீட்பேக்கைக் கூட்டி விளையாடுவீர்கள், அது திடீரென்று கட்டு மீறும். ஹெட்ஃபோன் வழியில் ஒரு லிமிட்டர் (ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுப்பது) போடுங்கள். காது போனால் திரும்ப வாங்க முடியாது.

லேப்டாப்பில் வைஃபை, அப்டேட், ஸ்க்ரீன் ஸேவர், ஸ்லீப் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள். அதன் சிக்னலே பிக்கப்பில் ‘டிட்-டிட்-டிட்’ என்று பதியும்.

நடுவில் கம்ப்யூட்டரே நின்றுபோனாலும் ஃபைலை அழிக்காதீர்கள். தலைப்புப் பகுதி முழுமையாகாததால்தான் அது திறக்க மறுக்கிறது, ஒலி உள்ளே இருக்கும். இலவச ஆடாசிட்டியில் ‘ரா டேட்டா’ இறக்குமதியைத் தேர்ந்தெடுத்து, பிட் அளவையும் ஹெர்ட்ஸையும் சரியாகக் கொடுத்தால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

6. மிக்ஸிங், மாஸ்டரிங்

ஒருமுறை முழுதாகக் கேட்க ஒரு மணி நேரம் ஆகும். ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் கேட்டால் காது பொய் சொல்லும். எனவே மூன்று வாரம் ஒதுக்குங்கள். கேட்கும்போது நிறுத்தாதீர்கள். நிமிடத்தைக் குறித்துக்கொண்டு போய், முடிந்த பிறகு திருத்துங்கள்.

மாஸ்டரிங்கில் (வெளியிடும் முன் முழு இசையின் ஒலியையும் இறுதியாகச் சரிசெய்வதில்) சத்தத்தை ஏற்றாதீர்கள். ஸ்பாட்டிஃபை -14 லஃப்ஸ் (காதுக்குத் தோன்றும் சத்தத்தின் அலகு) அளவுக்கும், ஆப்பிள் மியூசிக் -16 அளவுக்கும் சமன் செய்கின்றன. நசுக்கி ஏற்றினால் அங்கே இறக்கிவிடுவார்கள், உங்களுக்கு மிஞ்சுவது நசுங்கிய இசைதான். நான் -18 வரை விட்டேன். உச்சத்தை மட்டும் -1 டெசிபலுக்குக் கீழே பிடியுங்கள்.

7. வெட்டுவதா, முழுதாக விடுவதா

மனசு முழுதாக விடச் சொல்லும். கணக்கு வேறு சொல்லும். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம். அறுபது நிமிடம் கேட்டாலும் அதே ஒன்றுதான். எட்டாக வெட்டினால் எட்டு. கூடவே, 2024-லிருந்து ஒரு ட்ராக் கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொட்டால்தான் அதற்குப் பணம். வெட்டினால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக அந்த 1,000-ஐத் தொட வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நான் ஸ்ட்ரீமிங்குக்கு ஏழு துண்டாகவும், பேண்ட்கேம்பில் (கலைஞர்கள் தங்கள் இசையை விற்கும் இணையதளம்) முழுதாகவும் கொடுத்தேன். வெட்டும்போது ஃபேடு போடாதீர்கள், ஒரு துண்டு முடியும் சாம்பிளுக்கு (டிஜிட்டல் பதிவின் மிகச் சிறிய துளி) அடுத்த சாம்பிளிலேயே மற்றது தொடங்க வேண்டும். வேவ் அல்லது ஃப்ளாக்கில்தான் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) கொடுங்கள். எம்பி3 ஆக்கினால் தலையிலும் வாலிலும் சிறு மௌனம் ஒட்டிக்கொண்டு ‘டக்’ என்று இடறும். சிடி போடுவதாக இருந்தால் 44.1 கிலோஹெர்ட்ஸில் 588 சாம்பிளின் மடங்கில் வெட்டுங்கள், சிடியின் கட்ட அளவு அது.

பேண்ட்கேம்பில் ஒரு ட்ராக்குக்கு அளவு வரம்பு உண்டு. 24 பிட்டில் ஒரு மணி நேர ஸ்டீரியோ வேவ் 1 ஜிபி-யைத் தாண்டும், ஏறாது. ஃப்ளாக்காக மாற்றியும் ஏறவில்லை என்றால் 16 பிட்டுக்கு இறக்குங்கள்.

8. உரிமை ஆவணங்கள்

இந்தியாவில் காப்புரிமை (காப்பிரைட்) படைத்த கணத்திலேயே உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. பின்னால் தகராறு வந்தால் சான்றாக உதவும் என்று நான் பதிவு செய்தேன். காப்புரிமைப் பதிவாளர் தளத்தில் படிவம் 14. ஒலிப்பதிவுக்குக் கட்டணம் படைப்பு ஒன்றுக்கு 2,000 ரூபாய், இசைப் படைப்புக்கு 500 ரூபாய். வெட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரப் பதிவை ஒரே படைப்பாகக் கொடுத்ததால் 2,000-த்தோடு முடிந்தது. பணம் கட்டியதும் டைரி எண் வரும். அதிலிருந்து 30 நாள் ஆட்சேபத்துக்கான காத்திருப்பு, பிறகு பரிசீலனை. சான்றிதழ் கையில் கிடைக்கச் சில மாதங்கள் ஆகும். ஆல்பம் வெளியீட்டை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

நண்பர் யாராவது கிடார் வாசித்திருந்தால், வாசித்த அன்றே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: யார் என்ன வாசித்தார், பங்கு எவ்வளவு, வெளியிட ஒப்புதல். பின்னால் கேட்பது சங்கடம். தடையில்லாச் சான்று இல்லாமல் பதிவுப் படிவமும் நகராது.

இன்னொரு பொறி. என் ஆல்பத்தின் தொடக்கத்தில் மொட்டைமாடியில் பதிவு செய்த மழைச் சத்தம் வைத்தேன். வெளியான மூன்றாம் நாள் உரிமைக்கோரல் வந்தது. மழைக்குப் பின்னால், தூரத்தில், கோயில் ஒலிபெருக்கியில் ஒரு பக்திப் பாட்டு. என் காதுக்குக் கேட்கவே இல்லை, இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது. நியாயமும் உரிமை கோரியவர்கள் பக்கம்தான், அது இன்னொருவரின் பதிவு. வெளிச் சத்தம் எடுப்பதானால் ஹெட்ஃபோனில் சத்தமாக வைத்து ஒவ்வொரு விநாடியும் கேளுங்கள். மார்கழி மாதத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

9. டிஸ்ட்ரிபியூட்டரும் கால அட்டவணையும்

ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு நேராக அனுப்ப முடியாது, இடையில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். ஆண்டுக் கட்டணம் வாங்குபவர்களும் உண்டு, வருவாயில் பங்கு எடுப்பவர்களும் உண்டு. ஆண்டுக் கட்டணத்தில் ஒன்றைக் கேளுங்கள்: கட்டுவதை நிறுத்தினால் ஆல்பத்தை எடுத்துவிடுவார்களா? சிலர் எடுத்துவிடுவார்கள். ஆம்பியன்ட் இசை மெதுவாகத்தான் கேட்பவரைச் சேரும். எனவே இது முக்கியம்.

தயாராக வைக்க வேண்டியவை: 3000-க்கு 3000 பிக்சல் அட்டைப்படம், ட்ராக் பெயர்கள், இசையமைத்தவரின் சட்டப்பூர்வப் பெயர், ஐஎஸ்ஆர்சி எண்கள் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய அடையாள எண்). 12 எழுத்து கொண்ட ஐஎஸ்ஆர்சியைப் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டரே தருவார். அதை எழுதி வையுங்கள். நாளை வேறொருவரிடம் மாறினாலும் அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய ஸ்ட்ரீம் எண்ணிக்கை கூடவே வரும்.

என் முதல் சமர்ப்பிப்பு நிராகரிக்கப்பட்டது. காரணம், முதல் துண்டு முழுக்க மழைச் சத்தமாகவே இருந்தது. வெறும் மழை, கடல், காற்று இருந்தால் ‘இரைச்சல்’ வகையில் தள்ளிவிடுவார்கள். ஸ்பாட்டிஃபையில் அந்த வகைக்குக் குறைந்தது இரண்டு நிமிட நீளம் வேண்டும், ஸ்ட்ரீமுக்குத் தரும் பணமும் குறைவு. ஒவ்வொரு துண்டிலும் சிந்தோ கிடாரோ தெளிவாகக் கேட்கும்படி வெட்டுங்கள்.

வெளியீட்டு நாளுக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்கு ஒரு ட்ராக்கைப் பரிந்துரைக்க, குறைந்தது ஏழு நாள் முன்பு அது அவர்களிடம் சேர்ந்திருக்க வேண்டும். நிராகரிப்பு ஒன்று வந்தாலே பத்து நாள் போய்விடும்.

10. பணம் வரும் வழி

பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம், பொருட்களில் 10 சதவீதம் எடுக்கும். பணம் பேபால் வழியே வரும். இந்தியப் பேபால் கணக்கில் வெளிநாட்டிலிருந்து வரும் பணம் மட்டும்தான் ஏறும், உள்நாட்டுப் பரிமாற்றம் 2021 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. கணக்கு திறக்கும்போது பான், வங்கிக் கணக்கு, நோக்கக் குறியீடு (பணம் எதற்காக வருகிறது என்பதைக் காட்டுவது) மூன்றும் கேட்பார்கள். பான் அட்டையில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் மற்றொன்றில் என்று எனக்கு இருந்தது. அதைச் சரிசெய்யவே ஐந்து வாரம் ஆனது. பதிவு தொடங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

அமெரிக்க டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் டபிள்யூ-8பென் படிவம் (நீங்கள் வெளிநாட்டவர் என்று காட்டும் அமெரிக்க வரிப் படிவம்) நிரப்பச் சொல்வார்கள். பயந்து விட்டுவிடாதீர்கள். நிரப்பாவிட்டால் அமெரிக்க வருவாயில் 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 12-வது பிரிவைக் குறிப்பிட்டால் ராயல்டிக்கு 15 சதவீதம். வரி அடையாள எண் என்ற இடத்தில் உங்கள் பான் எண்ணைப் போடுங்கள். பிடித்த வரியை இங்கே கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அதற்கு அவர்கள் தரும் 1042-எஸ் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆல்பம் வெளியானதும் இசையமைப்பாளராக ஐபிஆர்எஸ்ஸில் (இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் இந்திய அமைப்பு) உறுப்பினராக விண்ணப்பியுங்கள். பான், முகவரிச் சான்று, ரத்து செய்த காசோலை, வெளியான படைப்பின் விவரம் கேட்பார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தருவது ஒலிப்பதிவுக்கான பணம், இது இசைப் படைப்புக்கானது. இரண்டும் வேறு என்பது எனக்குத் தெரியவே எட்டு மாதம் ஆனது.

டபிள்யூ-8பென் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31-ல் காலாவதியாகும். அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள், நினைவூட்டல் மின்னஞ்சலை நம்பி இருக்காதீர்கள்.